பல்லுக்கு முடி சூட்டுதலும் அதனைப் பேணுதலும்

எழுத்துக்களின் பிறப்பைக் கூறவந்த தொல்காப்பியர், ஒலி பிறத்தற்குரிய எட்டு இடங்களுள் பல்லையும் ஒன்றாக எண்ணினார். நாநுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தத் தகர நகரங்கள் பிறக்கின்றன. மேற்பல்லும் கீழிதழும் இயைய வகரம் பிறக்கின்றது. பல்லுப் போனாற் சொல்லுப் போகும் என்னும் நம் முதியோர் வாக்கினை இவ்விலக்கணத்துக்கு அமைந்த எளிய உரை எனலாம். சொல்லின் தெளிவுக்கும், உண்ட உணவின் செரிமானத்துக்கும், முகத்தின் பொலிவுக்கும் பற்கள் ஒருங்கே துணைசெய்கின்றன.

இத்துணைச் சிறப்புடைய உறுப்பை நாம் நடத்தும் முறை வியப்புக்குரியது. கண்ணோ காதோ நோயுற்றால் அதனைக் காப்பாற்றும் வழியைத் தேடி அலைகின்றோம். பல் நோயுற்றால் மாத்திரம், “பிடுங்கிவிடுங்கோ, கரைச்சல் தீரட்டும்” என்று வைத்தியரிடம் கூறிவிடுகின்றோம். ஆனாற் கரைச்சல் அத்துடன் தீர்வதில்லை. பிடுங்கிய இடத்தை நோக்கி அயற்பற்கள் மெல்லமெல்லச் சாய்கின்றன. எதிர்த்தாடைப் பல் தன்னைத் தாங்கும் துணையின்றி வெளியே நீண்டு வருகின்றது. பல்லைத் தாங்கிய தாடையெலும்பும் நாளடைவிற் குறுகுகின்றது. ஒரு பல்லின் இழப்பு வாய் முழுவதையும் தொடுகின்றது.

சிதைந்த பல்லைப் பிடுங்காது காக்கும் வழிகளுள் தலைசிறந்த ஒன்று, அதற்குச் செயற்கை முடி பொருத்துதல். ஆயினும் முடி பொருத்திய பின்னர் அப்பல்லுக்கு இனி ஒரு குறையும் வாராது என நம்பி அயர்ந்திருப்போர் பலர். பிடுங்குவோர் பல்லை உடனே இழக்கின்றனர். அயர்ந்திருப்போர் பெரும் பொருளையும் செலவிட்டுச் சில ஆண்டுகளின் பின் இழக்கின்றனர். இவ்விருவகை இழப்பையும் தவிர்க்க வேண்டுவன எவையென எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

பெயரும் பொருளும்

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் விளக்குதல் யாழ்ப்பாணத்துக்குப் புதிய முயற்சியன்று. 1847 இல் இங்கு வந்து, பின்னர் மானிப்பாயில் வைத்தியசாலை நடாத்திய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் தம் மாணவர்க்கு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அங்காதிபாதம், இரணவைத்தியம் முதலிய நூல்களையும் தமிழில் வெளிவரச் செய்தார். அவ்வழியைப் பின்பற்றி நாமும் பல்லின் பகுதிகளைத் தமிழிலேயே அறிந்துகொள்வோம்.

முரசுக்கு வெளியே தோன்றும் பல்லின் பகுதி முடி எனப்படும். தாடையெலும்பினுள் மறைந்திருப்பது வேர். முடி என்பது ஈண்டு மகுடத்தைக் குறிக்கும். முடியின் மேற்போர்வை மிளிரி. நூற்றுக்கு 96 பங்களவு கனியுப்புக்களால் ஆகிய இம்மிளிரி, நம் உடலிலுள்ள பொருள்கள் யாவற்றினும் வன்மையானது. இதன் கீழே பன்முதல் என்னும் படையும், அதன் நடுவே நரம்பும் குருதிக்குழாய்களும் நிறைந்த மச்சைக்குழியும் அமைந்துள்ளன. முறிந்த எலும்பு பொருந்துகின்றது. கிழிந்த தோல் மூடிக்கொள்கின்றது. மிளிரியிலோ உயிருள்ள கலங்கள் இல்லாமையால், அஃது ஒருமுறை உடைந்தால் மீண்டும் வளர்வதில்லை. இயற்கை ஈந்த முடி சிதைந்தவிடத்து, எஞ்சிய பல்லை முற்றாக மூடி நிற்குமாறு செய்து பொருத்தப்படும் உறையே செயற்கை முடி. இதனை நம்மவர் ‘கிறவுண்’ என்றும் ‘கப்’ என்றும் வழங்குவர்.

முடி வேண்டுவதும் வேண்டாததும்

நாம் உண்ணும் சீனியையும் மாப்பொருளையும் வாயிலுள்ள பற்றீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் மிளிரியைக் கரைப்பதே சூத்தையின் தொடக்கம். சூத்தை சிறிதாயின் அதனை அகற்றிப் பல்லை அடைத்துவிடுதல் போதுமானது. அதற்கு முடி வேண்டியதில்லை. நல்ல மிளிரியை வீணே அராவி முடி சூட்டுதல் பல்லுக்கு நன்மையாகாது.

முடி வேண்டப்படும் நிலைகள் வேறு. பல்லின் பெரும்பகுதி அடைப்பாகவே மாறிச் சுவர்கள் மெலிந்துவிட்டவிடத்தும், கடைவாய்ப்பல்லில் வெடிப்பு ஏற்பட்டுக் கடிக்குந்தோறும் கூரிய நோவு தோன்றுமிடத்தும், விபத்தினால் முடி உடைந்தவிடத்தும் இஃது உதவும். வேர்க்கால்வாய்ச் சிகிச்சை பெற்ற கடைவாய்ப்பல்லுக்கு இது பெரும்பாலும் இன்றியமையாதது. அச்சிகிச்சையின்போது பல்லின் நடுப்பகுதி குடையப்படுவதால், சுவர்கள் தனித்து நின்று மெல்லும் விசையைத் தாங்கமாட்டாது பிளந்துவிடக்கூடும். வேர்வரை பிளந்த பல்லைக் காத்தல் பெரும்பாலும் இயலாது. வேர்க்கால்வாய்ச் சிகிச்சை முடிந்து நோவு தீர்ந்ததும், முடி பொருத்துதலை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்போர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். முன்வாய்ப்பல் அதிகம் சிதையாதிருப்பின், அதே சிகிச்சையின் பின்னரும் முடியின்றியே நிலைக்கக்கூடும்.

முடி பற்றிநிற்பதற்கு அடித்தளமும் வேண்டும். முரசுக்கு மேலே ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் உயரத்துக்கேனும் உறுதியான பற்சுவர் சுற்றிவர எஞ்சியிருத்தல் நன்று. பல்லைத் தாங்கும் எலும்பு முரசுநோயால் மிகக் கரைந்திருப்பின், எத்துணை விலையுயர்ந்த முடியும் பயன்தராது. ஆதலின் முரசு நோயைத் தீர்த்த பின்னரே முடியைப்பற்றிச் சிந்தித்தல் முறையாகும்.

முடி செய்யும் பொருள்கள்

இன்றைய இத்தாலியில் வாழ்ந்த எத்துருசுக்கர், கிறித்துவுக்கு முன் ஏழாம் நூற்றாண்டளவிலேயே பொன்தகட்டுப் பட்டிகளாற் பற்களைப் பிணைத்தனர். இக்கால முறையில் முடி செய்யும் கலை கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே உருப்பெற்றது. 1907 இல் அமெரிக்கரான வில்லியம் தகாட் என்பவர், மெழுகிற் செய்த உருவைச் சுற்றி அச்சமைத்து, மெழுகை உருக்கி நீக்கி, அவ்விடத்தே பொன்னை வார்க்கும் முறையைப் பல்வைத்தியத்திற் பரப்பினார். நம் ஆலயங்களின் பஞ்சலோகத் திருவுருவங்களைச் சிற்பிகள் காலங்காலமாக வார்த்துவருவதும் இம்மெழுகு முறையினாலேயே ஆகும்.

பொற்கலவை முடி எதிர்ப்பல்லைத் தேய்க்காது, நெடுநாள் உழைக்கும். அதன் நிறமும் விலையுமே பலர் அதனை விடுத்தமைக்குக் காரணம். நிக்கல், குரோமியம் சேர்ந்த கலப்புலோக முடி மலிவானது. எனினும் நிக்கல் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். உலோகத்தின்மீது பீங்கான் போர்த்த முடி 1960களின் பின்னர் உலகெங்கும் பரவியது. அது வலிமையும் தோற்றமும் ஒருங்கே உடையது. ஆனால் முரசு கீழிறங்கினால் விளிம்பிற் கருங்கோடு தோன்றக்கூடும், பீங்கான் சிலவேளை சில்லாக உடையவுங்கூடும். முற்றும் பீங்கானால் ஆகிய முடிகள் முன்வாய்ப்பற்களுக்கு அழகு தருவன. குழந்தைகளின் பாற்கடைவாய்ப்பற்களுக்குக் கறையில் உருக்கினாற் செய்த ஆயத்த முடிகளும் உள.

இன்று பெரிதும் விரும்பப்படும் சிர்க்கோனியா என்னும் பொருளுக்கும் நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. 1789 இற் பேர்லினில் மாட்டின் கிளப்புறொத் என்னும் இரசாயன அறிஞர் இலங்கையிலிருந்து சென்ற சிர்க்கோன் இரத்தினக்கல் ஒன்றைப் பகுத்தாராய்ந்து, அதில் அதுவரை அறியப்படாத ஒரு பொருள் இருத்தலைக் கண்டார். அதுவே சிர்க்கோனியா. நிறமற்ற சிர்க்கோன் கற்கள் மாத்தறை வைரம் எனப் பெயர்பெற்றவை. திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புல்மோட்டைக் கடற்கரையின் கனிய மணலிலும் சிர்க்கோன் கலந்துள்ளது. இலங்கைக் கல்லில் முதன்முதற் காணப்பட்ட அப்பொருள், இரு நூற்றாண்டுகளின் பின்னர் உலகெங்கும் கடைவாய்ப்பற்களின் மகுடமாகிவிட்டமை நம் மாணவர் அறிந்து மகிழத்தக்கது.

எப்பொருள் எப்பல்லுக்குப் பொருந்தும் என்பதை விலையும் நிறமும் மாத்திரம் தீர்மானித்தல் ஆகாது. பல்லின் இடம், கடியின் விசை, உறக்கத்திற் பற்களை நெருமும் பழக்கம் ஆகியவற்றை நோக்கி வைத்தியர் கூறும் காரணத்தைக் கேட்டறிந்து தெரிந்துகொள்ளல் வேண்டும்.

செய்முறை

முடி பொருத்துதற்கு வழக்கமாக இருமுறை வைத்தியரிடம் செல்லவேண்டும். முதன்முறை எக்ஸ் கதிர்ப்படத்தினால் வேரும் எலும்பும் ஆராயப்படும். பின்னர் விறைப்பு ஊசி ஏற்றி, சூத்தையையும் பழுதுற்ற அடைப்பையும் அகற்றி, குறைந்த பகுதியைப் புதிதாகக் கட்டியெழுப்புவர். அதன் மேல், முடியின் தடிப்புக்கு இடமளிக்கும் வண்ணம் பல்லைச் சுற்றிவர அராவுவர். மெல்லும் தளத்தில் ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீற்றர் வரை குறைக்கப்படும். அராவிய பல் மீண்டும் வளராதாகையால், இப்படியைத் தாண்டிய பின்னர் மனம் மாறுதற்கு இடமில்லை. வினவவேண்டியவற்றை எல்லாம் இதற்கு முன்னரே வினவிக்கொள்ளுதல் அறிவுடைமை.

அராவிய பல்லுக்கு அச்சு எடுக்கப்பட்டு, அயற்பல்லின் நிறமும் ஒப்பிட்டுக் குறிக்கப்படும். பல் தொழினுட்பவியலாளர் அவ்வச்சைக்கொண்டு முடியை ஆக்குவர். இக்காலத்தில் அச்சுக்குப் பதிலாக வாயினுள்ளே ஒளிவருடியைச் செலுத்திக் கணினியிற் படம்பெற்று, இயந்திரத்தினாற் குடைந்தெடுக்கும் முறையும் உண்டு. சுவிற்சர்லாந்தின் சூரிச்சு நகரில் 1985 இல் இம்முறையால் ஒரே அமர்விற் பல்லைச் சீர்செய்தனர்.

முடி ஆயத்தமாகும் வரையுள்ள ஓரிரு வாரங்களுக்குத் தற்காலிக முடி பொருத்தப்படும். அது மென்சீமெந்தினால் ஒட்டப்பட்டதாகலின், தொதல் போன்ற ஒட்டும் பண்டங்களை விலக்கி மறுபக்கத்தால் மெல்லுதல் நன்று. அது கழன்றால் நோவில்லையே என்று வாளாவிருத்தல் ஆகாது; சில நாள்களிலேயே அயற்பற்கள் நகர்ந்து, செய்த முடி பொருந்தாது போகக்கூடும்.

இரண்டாம் முறை செல்லும்பொழுது முடியை ஒட்டுமுன் அணிந்து பார்ப்பர். நிறம் ஒத்துள்ளதா, விளிம்பு பல்லோடு இழைந்துள்ளதா, அயற்பல்லைச் செவ்வனே தொடுகின்றதா என்பன நோக்கப்படும். நிறந்தோய்ந்த மெல்லிய தாளைக் கடிக்கச்செய்து உயரமும் சோதிக்கப்படும். திருப்தியற்ற எதனையும் ஒட்டுமுன்னரே சொல்லிவிடுதல் வேண்டும். வைத்தியரிடம் கூச்சப்பட்டுத் தலையாட்டுதல் மரியாதையின் பாற்படாது. ஒட்டிய பின்னர்ச் சில நாள் குளிரிலும் சூட்டிலும் சிறு கூச்சம் இருத்தல் இயல்பு. கடிக்குந்தோறும் அந்தப் பல்லே முதலில் முட்டினால், அது பழகிவிடும் என்று பொறுத்திராது மீண்டுஞ் சென்று உயரத்தைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். நாள்கள் சென்றும் நோவு கூடினால், அன்றி முகம் வீங்கினால், உடனே வைத்தியரை அடைதல் வேண்டும். உயிருள்ள பல்லுக்கு முடி சூட்டியபின் அதன் மச்சை நோயுற்று, வேர்க்கால்வாய்ச் சிகிச்சை வேண்டப்படுதலும் சிலர்பால் நிகழ்வதே.

விளிம்பைக் காத்தல்

இனி, இக்கட்டுரையின் உயிரான கருத்துக்கு வருவோம். முடிக்குச் சூத்தை பிடிப்பதில்லை. முடியைத் தாங்கும் பல்லுக்குச் சூத்தை பிடிக்கும். பொன்னையும் சிர்க்கோனியாவையும் கிருமியின் அமிலம் அரிக்கமாட்டாது. ஆனால் முடியும் பல்லும் சந்திக்கும் விளிம்பு, பெரும்பாலும் முரசின் ஓரத்திலேயே அமைந்துள்ளது. அவ்விடத்தே அழுக்குப் படிந்தால் விளிம்பின் கீழாகச் சூத்தை நுழைகின்றது. மேலே முடி மூடியிருத்தலாற் கண்ணாடியில் அது தோன்றாது. வேர்க்கால்வாய்ச் சிகிச்சை செய்த பல்லாயின் நோவும் தெரியாது. அரண் வலிதாயிருக்க, அடிவாரத்திற் பகைவன் சுரங்கம் தோண்டுதல் போன்றது இது. ஒருநாள் முடி பல்லின் எச்சத்துடன் கையில் வந்து விழும்பொழுதே உண்மை வெளிப்படும்.

ஆதலால் காலையிலும் இரவு படுக்கைக்குச் செல்லுமுன்னும், புளோரைட்டுச் சேர்ந்த பற்பசையும் மென்மையான பற்தூரிகையும் கொண்டு, விளிம்பின்மீது தூரிகை படும்படி சற்றே சாய்த்துப் பிடித்து, மெல்லத் துலக்குதல் வேண்டும். அழுத்தித் தேய்த்தால் முரசு கீழிறங்கும். நாளுக்கு ஒருமுறை பல்லிடை நூலையோ பல்லிடைத் தூரிகையையோ செலுத்தி இடுக்குகளைச் சுத்திசெய்தல் வேண்டும். தூரிகை புகாத அவ்விடுக்குகளிலேயே சூத்தை பெரும்பாலும் தொடங்குகின்றது. ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நம் முன்னோர்க்குப் பயன்பட்டமை உண்மையே. ஆயினும் முடியின் விளிம்பையும் இடுக்கையும் அவை செவ்வனே எட்டமாட்டா. உமிக்கரியும் செங்கல்தூளும் முடியின் பளபளப்பைக் கெடுத்து, வெளிப்பட்ட வேரையும் தேய்க்குமாதலின் அறவே விலக்கத்தக்கன.

உணவிலும் சிறிது கருத்து வேண்டும். புழுக்கொடியலைக் கடைவாயில் இட்டுக் கடித்து முறித்தல் யாழ்ப்பாணத்தார்க்கு இன்பந்தரும் பழக்கம். முடி சூட்டிய பல்லினால் அதனைச் செய்தல் ஆகாது. சிறு துண்டாக்கியோ இடித்தோ உண்ணலாம். கற்கண்டு, கொட்டைப்பாக்கு, எலும்பு ஆகியவற்றைக் கடித்தலும், போத்தல் மூடியைப் பல்லால் திறத்தலும் அவ்வாறே தவிர்க்கத்தக்கன. பாக்கு மனிதரிற் புற்றுநோய் விளைக்கும் பொருளென உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருத்தலால், அதனை விடுதற்குப் பல்லைக் காட்டிலும் பெரிய காரணமும் உண்டு. இனிப்பைப் பொறுத்தவரை அளவைப்போல வேளையும் முக்கியமானது. உணவோடு ஒருமுறை உண்ணும் பாயசத்திலும், பாட இடைவேளைதோறும் அருந்தும் சீனித் தேநீரும் இடையிடையே வாயில் ஒதுக்கும் பனங்கட்டித் துண்டும் மிகுந்த தீமை தருவன. ஒவ்வொரு முறையும் அமிலம் புதிதாகச் சுரக்க, மிளிரி தேறுதற்கு ஓய்வின்றிப் போகின்றது.

உறக்கத்திற் பற்களை நெருமுவோர் இரவிற் பற்காப்புறை அணிதல் நன்று. நீரிழிவுடையோர் குருதியிற் சீனியின் அளவைக் கட்டுப்படுத்தாவிடின் முரசுநோய் விரைந்து முற்றும். யாவரும் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்லது வைத்தியர் குறித்த காலத்தில் விளிம்பைச் சோதிப்பித்துக்கொள்ளல் வேண்டும். இவ்வாறு பேணப்பட்ட முடி 10, 15 ஆண்டுகள் உழைத்தல் இயல்பு. அதனினும் நெடிது நிலைப்பனவும் பல.

முடி கழன்றால்

கழன்ற முடியை எறிந்துவிடாது கழுவிப் பத்திரப்படுத்தி, இயன்றவளவு விரைவில் வைத்தியரிடம் எடுத்துச்செல்க. பல்லும் முடியும் பழுதுறாதிருப்பின் அதனையே மீண்டும் ஒட்டக்கூடும். கடையில் விற்கும் வன்பசையினால் தாமே ஒட்ட முயலுதல் தீங்கு பயக்கும். தளர்ந்த முடியோடு உறங்குதலும் ஆகாது. விழுங்கப்பட்ட முடி பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். ஆனால் அது மூச்சுக்குழாயினுட் சென்று இருமலோ மூச்சுத்திணறலோ உண்டாயின், ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலையை அடைதல் வேண்டும்.

யாரிடம், எப்பொழுது

இலங்கை மருத்துவச் சபையிற் பதிவுபெற்ற பல்வைத்தியரிடமே இச்சிகிச்சையைப் பெறுதல் வேண்டும். பல்லை முறையாக அராவாது, அளவுபாராது, தகட்டை மாட்டிவிடும் பயிற்சியற்றோர் கையில் முரசு வீங்கிப் பல்லும் கெட்டுப்போகும். பொருள் வசதி குறைந்தோர், முதலில் அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவை அணுகுக. பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையிலும் கொழும்புத் தேசியப் பல் வைத்தியசாலையிலும் சிறப்புச் சிகிச்சைகள் அளிக்கப்படுகின்றன.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் பழைய மாணவர், திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ ஊருக்கு வரும்பொழுது இங்கேயே முடி பொருத்திக்கொள்ள விரும்புவதுண்டு. குறை சொல்லுதற்கு இதில் ஒன்றுமில்லை. ஆனால் விடுமுறையின் இறுதி வாரத்தில் இதனைத் தொடங்கலாகாது. முடி ஆயத்தமாகும் காலமும், ஒட்டிய பின்னர்க் கடியின் உயரத்தைத் திருத்தும் காலமும் கையிருப்பில் வேண்டும். எக்ஸ் கதிர்ப்படத்தையும், பொருளின் பெயரையும், செய்த சிகிச்சையின் குறிப்பையும் கேட்டுப் பெற்றுச்சென்றால், பின்னாளிற் பார்க்கும் வைத்தியர்க்கு அவை பேருதவியாகும்.

மாணவர்க்கு ஒரு சொல். உங்கள் வாயிலே இன்றுள்ள மிளிரிக்கு நிகரான முடியை எந்தப் பட்டறையும் இதுவரை ஆக்கவில்லை. சிறு சூத்தையை இன்றே காட்டி அடைப்பித்துக்கொண்டால், நாற்பதாவது அகவையில் முடியின் விலையை வினவவேண்டிய நிலை வாராது போகலாம். ஏற்கெனவே முடி சூட்டிக்கொண்ட பெரியோர்க்கும் கூறுவது இதுவே: மன்னனுக்கு முடி சூட்டும் நாள் அவன் கடமை தொடங்கும் நாளாதல் போல, பல்லுக்கு முடி சூட்டும் நாளும் நம் கடமை தொடங்கும் நாளே. இன்றிரவு துலக்கும்பொழுது அவ்விளிம்பை ஒருகால் நினைந்து துலக்குக.